மலையாளிகள்: அவர்தம் வரலாறும் வாழ்வும்

ஒகேனக்கல் அருவியைக் கண்டு வியவாதார் இலர். கன்னட நாட்டைக் கடந்து வரும் காவிரி, கரும்பாறைகளிடையே பல கிளைகளாய்ப் பிரிந்து வீழ்ந்து, நீர்த்திவலையைப் புகையென எழுப்புகின்றது. புகைகின்ற கல் என்று பொருள்படும் கன்னடத் தொடரே அவ்விடத்துக்குப் பெயராய் வழங்குகின்றது. எண்ணெய் தேய்த்து அருவியாடி, பரிசலேறிப் பாறை இடுக்குகளைக் கண்டு, ஆற்றுமீன் உண்டு மீள்வோர் ஆண்டுதோறும் பல்லாயிரவர். ஆயின், அப்பக்கத்து மலைகளில் வாழ்வார் யாவர், அவர் எங்கிருந்து வந்தார், எவ்வாறு வாழ்கின்றார் என வினவுவார் மிகச் சிலரே.

பென்னாகரம், ஒகேனக்கல் காடுகளை அடுத்து இருளர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். அங்குநின்று கிழக்கே செல்லின், தருமபுரி நகரை அடுத்த வத்தல்மலையிலும், அரூர்ப் பக்கத்துச் சித்தேரி மலையிலும் மலையாளிகள் என்பாரைக் காணலாம். சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, சவ்வாது மலை, ஏலகிரி ஆகிய மலைகளிலும் பரவியுள்ளார் இவரே. காவிரியின் மேல்கரையில் பர்கூர் மலையிலும் இவர்தம் இனத்தார் உளர். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். அவருள் மலையாளிகள் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர். இம்மாநிலப் பழங்குடிகளுள் தொகையால் முதன்மை பெற்றார் இவரேயாவர்.

இத்துணைப் பெருந்தொகையினராயிருந்தும், இவரைப் பற்றிச் சமவெளியார் கொண்ட எண்ணங்கள் பல பிழைபட்டவை. பெயரிற் பிழை, வரலாற்றிற் பிழை, நிலவுரிமையிற் பிழை என அவற்றை மூவகையாக்கலாம். முதற்பிழை நகைப்போடு ஒழியும். இரண்டாவது நூலோடு ஒழியும். மூன்றாவதோ ஊரையே அழித்துவிடும். இம்மூன்றனையும் ஒவ்வொன்றாக எடுத்து விளக்கி, அவற்றிடையே இம்மக்களின் வாழ்க்கை முறையையும் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர்

மலையாளி என்றவுடன் சேரநாட்டாரை நினைத்தல் நம்மவர் இயல்பு. சித்தேரி மலையிலிருந்து வெளியூர்க்குப் படிக்கச் செல்லும் மாணவன் ஒருவன் தன் இனப்பெயரைச் சொல்லின், "கேரளத்தில் எவ்வூர்?" என்னும் வினாவே முதலிற் பிறக்கும். இவர்க்கும் மலையாள மொழிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இவர் தாய்மொழி தமிழ். மலை என்னும் பெயரோடு ஆளி என்பது சேர்ந்து, மலையை உடையார், மலைக்கண் வாழ்வார் என்னும் பொருளில் இப்பெயர் அமைந்தது. தொழிலாளி, முதலாளி என்னுஞ் சொற்களில் வரும் ஆளியே இது.

மேலும், இப்பெயரே அவர் தம்மைக் குறிக்க எங்கும் வழங்கியதென்று கொள்ளுதற்கில்லை. சேர்வராயன் மலையார் தம்மைக் காஞ்சிமண்டலத்தார் என்றும், சவ்வாது மலையார் தம்மைக் காரைக்காட்டு வேளாளர் என்றும் கூறிக்கொண்டமையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில அதிகாரிகள் தொகுத்த குறிப்புக்கள் காட்டும். ஆடவர் பெயரோடு கவுண்டர் என்னும் பட்டம் பெரும்பாலும் சேர்ந்து வரும். ஆகவே, ஒரே மக்களுக்கு வெளியார் இட்ட பெயர் ஒன்றும், தாம் தம் தோற்றத்தை நினைந்து சொல்லும் பெயர் வேறொன்றும் உண்டென்பது தெளிவு.

வந்த வரலாறு

தம் முன்னோர் மலையிலேயே தோன்றியவர் என மலையாளிகள் கூறுவதில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்றே கூறுகின்றனர். கரியராமன் என்னுந் தெய்வம் காஞ்சியில் இருக்க மனமின்றி மலைநாட்டை நாடிப் புறப்பட, அவ்வழியே அடியாரும் புறப்பட்டனர் என்பது ஒரு வழக்கு. அயலார் படையெடுப்பால் அந்நகர் நீங்கினர் என்பது மற்றொன்று. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் உடன்பிறந்தார் மூவர், வெவ்வேறு வழியாகச் சென்று வெவ்வேறு மலையேறிக் குடிகொண்டனர் என்பது பல மலைகளிலும் கேட்கப்படும் கதை. எவர் எம்மலை சேர்ந்தார் என்பது மலைக்கு மலை வேறுபடும். மலைகள் யாவும் உடன்பிறப்பு என்னுங் கருத்து மட்டும் வேறுபடுவதில்லை. அம்மூவர் ஆங்கிருந்த வேட்டுவக் குலத்துப் பெண்டிரை மணந்தனர் எனவும் சிலவிடத்துக் கூறுவர். லெ பானு என்பார் 1883இல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேட்டிலும், எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலிலும் இக்கதைகளின் வடிவங்கள் இடம்பெற்றுள்ளன.

இக்கதையை எழுத்தெழுத்தாக வரலாறென்று ஏற்றல் அரிது. எனினும் இதனைப் புறந்தள்ளுதலும் தகாது. இவர் பேசுவது தமிழே. இவர் வழிபடுவன திருமாலும் சிவனும் மாரியும் முதலாகச் சமவெளியார் வணங்கும் தெய்வங்களே. ஏர் பூட்டி உழும் வழக்கமும் இவரிடம் உண்டு. இவையெல்லாம் பல தலைமுறைகட்கு முன்னர்ச் சமவெளியினின்றும் மலையேறியவர் என்னும் கூற்றுக்குத் துணை நிற்பன. வேட்டுவப் பெண்டிரை மணந்த கதையோ, அங்கு முன்னரே வாழ்ந்த மக்களோடு இவர் கலந்தமையைக் குறிப்பாற் காட்டுகின்றது.

தமிழ் பயில்வார்க்கு இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். தருமபுரியே பண்டைத் தகடூர். அதியமான் ஆண்ட நாடு. கொல்லிமலை வல்வில் ஓரியின் மலை. அம்மலைகளில் இன்றும் தினையும் தேனும் கிழங்கும் உண்டென்று கேட்டவுடன், சங்கச் செய்யுட் குறிஞ்சித் திணையே உயிரோடு நம்முன் நிற்பதாக எண்ணி நாம் மகிழ்தல் எளிது. புனங்காக்கும் மகளிரையும் கிளிகடி கருவியையும் தேடி மலையேறும் கண்ணுக்கு, அங்கே நிற்கும் மாந்தர் புலப்படார். அவர் தம் வாயாற் கூறும் வரலாறு காஞ்சியைச் சுட்டும்போது, நாம் அவரைக் கபிலர் காலத்துக் குறவரென்று துணிதல் அவர் சொல்லை அவமதிப்பதாகும். மேற்கூறிய வரலாற்றுப் பிழை என்பது இதுவே.

தெய்வத்தைச் சுமந்து புதுநிலம் புகுதல் மலையாளிகட்கே உரிய செய்தியன்று. மெக்சிக்கோ நாட்டின் தென்கோடியில், சியாப்பாஸ் என்னும் பகுதியில், சோக்கே என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். சோளமும் அவரையும் பயிரிட்டு மலைச்சரிவில் வாழும் மக்கள் அவர். பிறர் அவரைச் சோக்கே என்பர். அவரோ தம்மைச் சொல்லின் மக்கள் என்று பொருள்படும் தம் மொழிப் பெயராற் கூறிக்கொள்வர். 1982ஆம் ஆண்டு மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களில் எல் சிச்சோன் என்னும் எரிமலை வெடித்து அவர்தம் ஊர்கள் பலவற்றைச் சாம்பரால் மூடியது. உயிர் தப்பியோர் சிதறிச் சென்று வேற்றிடங்களிற் குடியேறினர். அழிந்துபோன பிரான்சிஸ்கோ லெயோன் என்னும் ஊரார், தாம் புதிதாய் அமைத்த ஊர்க்குப் புதிய பிரான்சிஸ்கோ லெயோன் என்றே பெயரிட்டனர். ஊர் அழிந்தும் பெயரைச் சுமந்து சென்றார் அவர். நகர் நீங்கியும் தெய்வத்தைச் சுமந்து சென்றார் நம் மலையாளிகள். இடம் பெயர்ந்த மக்கள் தம்மைத் தாமாகவே நிலைநிறுத்திக்கொள்ளும் வழி உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றே போலும்.

ஊரும் ஆட்சியும்

மலைச்சரிவில் நீரூற்றின் அருகே சில வீடுகள் கூடியது ஓர் ஊர். மூங்கிற் பிளாச்சுகளை நிறுத்தி மண் பூசிய சுவரும், மேலே புல் வேய்ந்த கூரையும் பண்டை வீட்டின் அமைப்பு. தரையும் திண்ணையும் சாணத்தால் மெழுகப்படும். இப்போது ஓட்டு வீடுகளும், அரசினர் கட்டித்தந்த காரை வீடுகளும் மிகுந்துள்ளன.

பல ஊர்கள் சேர்ந்தது நாடு எனப்படும். சேர்வராயன் மலையில் மட்டும் சேலநாடு, முட்டநாடு, மோகநாடு என மூன்று நாடுகள் உண்டு. ஊர்க்குத் தலைவன் ஊர்க்கவுண்டன். நாட்டுக்குத் தலைவன் ஒருவன் அவனுக்கு மேல் உளன். நிலவழக்கு, மணமுறிவு, களவு, திருவிழா நாள் குறித்தல் ஆகிய யாவும் ஊரார் கூடிய கூட்டத்திலேயே தீர்க்கப்பட்டன. கல்வராயன் மலையில் இவ்வாட்சி இன்னும் வலுப்பெற்று, சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்னும் ஜாகீர்தாரர் மூவர் ஆங்கிலேயர் காலத்திலும் அம்மலையைப் பிரித்து ஆண்டனர். தலைவரும் தம்மவரேயெனினும், குடிகள் அவர் நிலத்திற் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தமையும் அம்மலை வரலாற்றின் ஒரு பகுதியே. மலைவாழ்வு முற்றும் இன்பமயமென்று பாடுவார் இதனையும் நினைத்தல் வேண்டும்.

உழவும் உணவும்

இவர் நிலத்தை இருவகையாகப் பகுத்தனர். ஏர் செல்லும் சமநிலம் உழவுக்காடு; ஏர் செல்லாச் சரிவு கொத்துக்காடு. முன்னதில் எருது பூட்டி உழுவர். பின்னதிற் கொத்தினாற் கிளறி விதைப்பர். இவையேயன்றிப் புனக்காடு என்பதும் முற்காலத்துப் பெருவழக்காய் இருந்தது. வேனிற்குமுன் ஒரு சரிவின் புதரையும் சிறுமரங்களையும் வெட்டிக் காயவிட்டு, பின்னர் எரித்து, மழை வீழ்ந்தவுடன் அச்சாம்பரே எருவாக விதைத்தல் அதன் முறை. இரண்டு மூன்று ஆண்டு விளைந்தபின் நிலம் சோர்வடையும். உடனே அதனைக் காட்டுக்கே விட்டுவிட்டு வேறு சரிவுக்குச் செல்வர். விட்ட சரிவில் மீண்டும் மரம் தழைக்கும். மக்கள் தொகை சிறிதாயும் காடு பெரிதாயும் இருந்த காலத்து, இம்முறை நிலத்துக்கு ஓய்வளிக்கும் முறையாகவே இருந்தது.

விளைபொருள்களுள் தலையாயது சாமை. மூன்று நான்கு திங்களில் விளைவதும், மழை குறைந்தாலும் முற்றும் பொய்த்துப் போகாததும், கல்லுஞ் சரளையுமான நிலத்திலும் வேர்கொள்வதும் அதன் சிறப்பு. அதனோடு கேழ்வரகு, தினை, துவரை, அவரை, கடுகு ஆகியவற்றைக் கலந்து விதைப்பர். ஒன்று தவறின் மற்றொன்று கைகொடுக்கும் என்பது அவர் கணக்கு. அறுத்த தவசத்தை, மூங்கிலால் முடைந்து சாணமும் மண்ணும் பூசிய தொம்பையிற் சேர்த்து வைப்பர். கேழ்வரகுக் களியும் சாமைச் சோறும் அன்றாட உணவு. காட்டிலிருந்து புளி, கடுக்காய், நெல்லிக்காய், தேன், துடைப்பப் புல் ஆகியவற்றைத் திரட்டிச் சமவெளிச் சந்தையில் விற்று, உப்பும் துணியும் வாங்கி மீள்வர்.

இவ்வுணவு முறை அண்மைக் காலத்திற் பெரிதும் மாறிற்று. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளின் பொருட்டுக் கொல்லிமலையில் மரவள்ளி பரவியபோது சாமைப் புலங்கள் சுருங்கின. மிளகும் காப்பியும் பணப்பயிர்களாய்ப் பல மலைகளிற் பெருகின. பணம் வந்தது உண்மை. ஆயின் விலை வீழ்ந்த ஆண்டில் உண்பதற்குத் தொம்பையில் ஒன்றுமில்லை என்னும் நிலையும் உடன் வந்தது. மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களிலிருந்து கொல்லிமலை உழவரோடு சேர்ந்து, மறைந்து வந்த சிறுதவச வகைகளைக் காக்கும் பணியில் ஈடுபட்டனர்.

வழிபாடும் மணமும்

சேர்வராயன் மலையின் உச்சியில், சுமார் 5,300 அடி உயரத்தில், ஒரு குகைக்கோயில் உள்ளது. அதனுள் சேர்வராயனும் காவிரியம்மனும் ஒருங்கே வீற்றிருக்கின்றனர். மலை ஆணாகவும் ஆறு பெண்ணாகவும் அமைந்த இவ்வழிபாடு ஆழ்ந்த கருத்துடையது. ஆண்டுதோறும் மே மாதத்தில் அங்கு நடைபெறும் விழாவுக்குச் சுற்றுமலை மக்கள் யாவரும் திரள்வர். கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயில் ஆடித்திங்களிற் சிறப்பெய்தும். பொங்கற் காலத்தில் எருதாட்டம் மலையூர்களின் பெருங்களிப்பு.

மணத்தில், மணமகன் வீட்டார் பெண்வீட்டார்க்குப் பரிசம் அளித்தல் இவர் வழக்கம். முற்காலத்துப் பரிசம் பெரும்பாலும் தவசமாகவே அளக்கப்பட்டது. கணவனை இழந்தாள் மறுமணம் செய்துகொள்ள ஊரார் தடை கூறார். ஒத்துவாழ முடியாதார் ஊர்க்கூட்டத்தின்முன் பிரிந்து வேறு மணம் செய்துகொள்ளுதலும் உண்டு. கைம்பெண் மறுமணத்துக்காகச் சமவெளியிற் சீர்திருத்தக்காரர் நூலெழுதியும் மேடையேறியும் போராடிய காலத்தில், மலைமேல் அஃது இயல்பான செய்தியாய் இருந்தமை நோக்கத்தக்கது.

மலைமேல் ஏறிய வேற்று நாட்டார் சிலர் இம்மக்கள் உள்ளத்தில் நிலைத்துள்ளனர். ஜெஸ்ஸி பிராண்டு என்னும் ஆங்கிலேய ஊழியரும் அவர் மனைவி ஈவ்லின் அம்மையாரும் கொல்லிமலையில் மருந்தும் எழுத்தறிவும் வழங்கி உழைத்தனர். ஜெஸ்ஸி 1929இல் மலைக்காய்ச்சலுக்கு இரையானார். அம்மையாரோ முதுமையிலும் மலையூர்களை விட்டகலாது 1974இல் தம் மறைவு வரை உழைத்தார். கொல்லிமலையில் வளர்ந்த அவர்தம் மைந்தர் பால் பிராண்டே, பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவை முறையாற் செயற்படச் செய்து உலகப் புகழ் பெற்றவர்.

காடும் சட்டமும்

இனி நிலத்தைப் பற்றிய பிழைக்கு வருவோம். 1820களில் சேலத்துக் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை ஏற்காட்டிற் காப்பிப் பயிரைப் புகுத்தினார். தோட்டங்கள் பெருகப் பெருக, மேட்டு நிலங்கள் பல தோட்டக்காரர் கைக்கு மாறின. மலையாளர் பலர் அத்தோட்டங்களிற் கூலிகளாயினர்.

அதனினும் பெரிய மாறுதலை விளைத்தது 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம். அரசினர் ஒரு நிலப்பரப்பைக் காப்புக்காடாக்கக் கருதின் அறிவிப்பு வெளியிடுவர். அங்கு உரிமை உடையார் குறித்த தவணைக்குள் அதிகாரியிடம் தம் உரிமையைக் கூறல் வேண்டும்; கூறாவிடின் அவ்வுரிமை அழியும். எழுத்தறிந்து, வழி நடந்து, கச்சேரி வாயிலிற் காத்து நிற்கத் தெரிந்தார்க்கு இம்முறை பொருந்தும். தலைமுறை தலைமுறையாக வாய்ச்சொல்லாலும் ஊரார் ஒப்புதலாலும் நிலத்தை ஆண்டவர்க்கு அஃது எவ்வாறு பொருந்தும்? ஓய்வுக்கென விட்டிருந்த புனக்காடு, எவர்க்கும் உரிமையில்லாத காடென்று எழுதப்பட்டது. நேற்றுவரை தேனெடுத்தவன் மறுநாள் திருடனானான். மலையை ஆள்பவன் என்று பெயர் பெற்றவன், அம்மலையில் அனுமதி பெற்று நடப்பவன் ஆனான்.

இவ்வநீதியை நாடாளுமன்றமே பின்னர் ஒப்புக்கொண்டது. வனவுரிமைச் சட்டம் என வழங்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகவுரை, காடுவாழ் பழங்குடியினர்க்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதென்று வெளிப்படக் கூறுகின்றது. 2005ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன்னர்க் காட்டு நிலத்தைப் பயிரிட்டு வந்த பழங்குடியினர்க்கு, நான்கு ஹெக்டேர் வரை அந்நிலத்தில் உரிமை உண்டென அச்சட்டம் கூறும். உரிமைக் கோரிக்கையை முதலில் ஆராய்வது கிராம சபை. கணவன் மனைவி இருவர் பெயரிலும் பட்டயம் எழுதப்படல் வேண்டும். காட்டுச் சிறுபொருள்களைத் திரட்டி விற்கும் உரிமையும் அதில் அடங்கும். ஊரார் ஒப்புதலையே சான்றாகக் கொண்ட பழைய மலைவழக்கு, இவ்வாறு ஓரளவு சட்டத்துள் இடம்பெற்றது.

ஓரினம், இருகரை

ஆயின் இச்சட்டப்பயன் எவர்க்குக் கிட்டும்? பழங்குடியினர் என்று அட்டவணையில் எழுதப்பட்டார்க்கே எளிதிற் கிட்டும். ஈண்டுக் காவிரி ஒரு விந்தையான எல்லையாய் நிற்கின்றது. 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், தருமபுரி, சேலம், வடஆர்க்காடு, தென்ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை ஆகிய ஆறு மாவட்டங்களில் உள்ள மலையாளிகளையே பழங்குடியினரெனக் குறித்தது. பர்கூர் மலை அந்நாளில் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1979இல் பிரிக்கப்பட்ட மாவட்டத்துள் அடங்கி இப்போது ஈரோட்டைச் சேர்ந்துள்ளது. அம்மாவட்டத்தின் பெயர் அவ்வட்டவணையில் இல்லை.

இதன் விளைவு யாதெனின்: கீழ்கரை மலையாளியின் மகன் பழங்குடிச் சான்றிதழும், உதவிச் சம்பளமும், கல்லூரியில் ஒதுக்கிய இடமும் பெறுவான், மேல்கரை மலையாளியின் மகன் அவற்றைப் பெறான். வனவுரிமைச் சட்டத்தில் கீழ்கரையார்க்கு 2005க்கு முன்னர்ப் பயிரிட்டமை காட்டினாற் போதும். மேல்கரையாரோ பிற காடுவாழ்நர் என்னும் வகையில் அடங்குதலின், மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கு வாழ்ந்தமைக்குச் சான்று காட்டல் வேண்டும். பெண் கொடுத்தும் கொண்டும் வாழும் உறவினர் இருவரை ஓர் எழுத்தர் வரைந்த மாவட்டக் கோடு இருவேறு இனத்தாராக்கிவிட்டது. ஆற்றைக் கடக்கப் பரிசல் உண்டு. இக்கோட்டைக் கடக்க யாது உண்டு?

வாச்சாத்தி

பிழைபட்ட எண்ணம் ஊரையே அழிக்கும் என முன்னர்க் கூறினோம். அதற்குச் சான்று சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி என்னும் மலையாளிச் சிற்றூர். 1992ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகக் கூறிக்கொண்டு வனத்துறையினரும் காவலரும் வருவாய்த்துறையினரும் அவ்வூரைச் சூழ்ந்தனர். வீடுகள் இடிக்கப்பட்டன, தவசம் பாழாக்கப்பட்டது, கிணற்று நீர் கெடுக்கப்பட்டது. பெண்டிர் பதினெண்மர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். நூற்றுக்கு மேற்பட்டோர், குழந்தைகள் உட்பட, சிறைப்படுத்தப்பட்டனர். எஞ்சியோர் மலைக்காட்டில் ஒளிந்து வாழ்ந்தனர்.

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தார் இவ்வழக்கைக் கையிலெடுத்தனர். உயர்நீதிமன்ற ஆணைப்படி மத்தியப் புலனாய்வுத் துறை 1995இல் விசாரணை மேற்கொண்டது. குற்றஞ்சாட்டப்பட்டார் 269 பேர்; தீர்ப்பு வருமுன் அவருள் 54 பேர் இறந்தனர். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள், தருமபுரி அமர்வு நீதிமன்றம் எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே எனத் தீர்ப்பளித்தது. மேன்முறையீடுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு அதே செப்டம்பர் 29ஆம் நாள் தள்ளி, கொடுமைக்குள்ளான பெண்டிர் ஒவ்வொருவர்க்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. நிகழ்ச்சிக்கும் உயர்நீதிமன்றத் தீர்ப்புக்கும் இடையே 31 ஆண்டுகள். அம்மகளிர் அத்துணைக் காலமும் தம் சாட்சியத்தினின்றும் வழுவாது நின்றமையே இவ்வரலாற்றிற் பெரிதும் போற்றத்தக்கது. எழுத்தை மட்டுமே நம்பும் நீதிமன்றத்தில், அவர் சொல் வென்றது.

2011ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின்னும் துன்பம் முடிந்தபாடில்லை. 2015ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் நாள், ஆந்திர நாட்டுச் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தாரெனக் கூறி இருபதின்மர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவருட் பலர் தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களின் மலையூரினர். காடு அறிந்த கையும், மரம் அறிந்த கண்ணும் உடையார்க்குத் தம் மலையிற் பிழைப்பில்லாதபோது, அவ்வறிவையே கூலிக்கு வாங்கும் தரகர் தோன்றுவர். ஆதாயம் தரகர்க்கு, குண்டு கூலிக்காரர்க்கு.

நாம் செய்யற்பாலது

இக்கல்லூரியிற் பயிலும் நம்முட் சிலர் நாளை வட்டாட்சியராவோம். சிலர் வன அதிகாரிகள், மருத்துவர், ஆசிரியர், வழக்கறிஞர் ஆவோம். மலையாளி ஒருவர் சான்றிதழ் வேண்டியோ, நில உரிமை வேண்டியோ, நோய் நீங்க வேண்டியோ நம் மேசைமுன் வந்து நிற்கும் நாள் தொலைவில் இல்லை. அன்று நாம் முதலிற் கேட்கும் வினா "எழுத்துச் சான்று எங்கே?" என்பதாயின், 1882ஆம் ஆண்டுப் பிழையே மீண்டும் நம் கையால் நிகழும். அவர் ஊரார் யாவர், அவர் நிலம் யாது, அதனை எத்துணைத் தலைமுறை உழுதார் என அவரையே கேட்டு, அவர் சொல்லுக்குச் செவிசாய்ப்போமாயின், வனவுரிமைச் சட்டத்தின் முகவுரை நம் அளவிலேனும் மெய்யாகும்.

தமிழ் மாணவர்க்கு மற்றுமொரு பணி உண்டு. மலையூர்ப் பேச்சில் வழங்கும் பயிர்ப்பெயர், மரப்பெயர், உறவுப்பெயர், உழவுச்சொல் ஆகியவை நம் அகராதிகளுட் பல இன்னும் ஏறவில்லை. சாமைப் புலம் சுருங்குந்தோறும், அதன் வகைகளைக் குறிக்கும் சொற்களும் சுருங்கும். முதியோர் உள்ளபோதே அவற்றைக் கேட்டெழுதுதல், ஏட்டுச்சுவடிகளைத் தேடி அச்சேற்றிய பெரியோர் செய்த தொண்டுக்கு ஒப்பாகும். அச்சொற்களை எழுதும்போது, அவற்றைச் சொன்னாரின் ஊரையும் அவர் தம் முன்னோரைப் பற்றிக் கூறிய கதையையும் அவர் சொன்னவாறே எழுதிவைப்போமாக. மலையை ஆள்வார் என்னும் பெயரை அவர்க்கு நம் மொழி என்றோ அளித்துவிட்டது. அப்பெயர்க்குரிய பொருளை அளித்தலே இன்னும் எஞ்சியுள்ளது.